சிறகிலே இருக்கிறது அதன் வயிறு: பறக்க முடியாத ரீங்காரச்சிட்டின் உடல்நிலை

கனடாவின் ரொறன்ரோ நகரில் இருக்கும் என் சித்தியின் மகள் சென்ற வைகாசியில் ஒரு நாள் அழைப்பெடுத்தபோது, கிளிநொச்சியில் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம்; அவளுக்கு அப்போது காலை நேரம். தன் வீட்டுப் பல்கனியில் விழுந்து கிடந்த, நடுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பறவையை அவள் கைபேசித் திரையில் காட்டினாள். “அக்கா, தேன்சிட்டு ஒண்டு கண்ணாடியில அடிபட்டு விழுந்திட்டுது. சீனித்தண்ணி குடுத்தால் குடிக்குது, ஆனால் பறக்கேல்லை. நானே வச்சுப் பாக்கட்டே?” என்று கேட்டாள். பச்சை முதுகும், வெளிச்சம் படும்போது சிவந்து பின்னர் கறுத்துவிடும் தொண்டையும் கொண்ட அந்தப் பறவை தேன்சிட்டு அல்ல, ‘ஹம்மிங்பேர்ட்’ எனப்படும் ரீங்காரச்சிட்டுகளில் ஒன்றான செங்கழுத்து ரீங்காரச்சிட்டின் ஆண். அவளுடைய கேள்விக்கான விடை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

வன்னியில் செவ்வரத்தையிலும் முருங்கைப் பூவிலும் வாழைப்பொத்தியிலும் வந்து தொங்குகின்ற ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும், 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவரின் பெயரைத் தாங்கிய லோட்டன் தேன்சிட்டும் காகத்துக்கும் மைனாவுக்கும் உறவான மரக்குருவி வகையைச் சேர்ந்தவை. ரீங்காரச்சிட்டுகளோ ஏறத்தாழ 360 இனங்களாக, அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் தென்முனை வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இன்று வாழ்கின்றன. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ரீங்காரச்சிட்டு ஒன்றின் எலும்புப் படிவு ஜேர்மனியில் கிடைத்ததாக 2004இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, பழைய உலகிலும் ஒரு காலத்தில் அவை இருந்தன என்பது தெரிகிறது. ஆனால் அந்தக் கதை இங்கே நமக்குத் தேவையில்லை. மாலையில் எங்கள் முற்றத்துப் பூக்களின் முன்னால் ரீங்காரமிட்டு நிற்கின்ற பருந்து அந்துப்பூச்சியைப் படமெடுத்து, “வன்னியில் ரீங்காரச்சிட்டு” என்று பகிர்ந்துகொள்பவர்கள், அது இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தோற்றத்திலும் உணவிலும் தேன்சிட்டை ஒத்திருந்தாலும், ரீங்காரச்சிட்டின் வன்னி உறவினர் பனை உழவாரன்தான். பனங்கூடலுக்கு மேலே அரிவாள் போன்ற சிறகோடு நாள் முழுவதும் சுற்றிக்கொண்டு, ஓலையின் அடிப்பக்கத்தில் உமிழ்நீரால் இறகுகளை ஒட்டிக் கூடு கட்டுகின்ற அந்தச் சிறு பறவையையும் ரீங்காரச்சிட்டையும் உயிரின வகைப்பாட்டில் ஒரே வருணத்தில் வைக்கிறார்கள். அந்த வருணத்தின் பெயருக்குக் ‘காலற்றவை’ என்று பொருள். வேலிக்காக ஓலை வெட்டிய ஒரு நாளில், வெட்டி விழுந்த ஓலையோடு பறக்கத் தொடங்கும் பருவத்து உழவாரன் ஒன்று எங்கள் வளவில் விழுந்தது. அதைத் தரையில் விட்டபோது எழவும் இல்லை, நடக்கவும் இல்லை. இரண்டு சிறகையும் பரப்பி, வயிறு மண்ணில் அழுந்தக் கிடந்தது. கையில் எடுத்த மறுகணமே நான்கு விரல்களும் முன்னோக்கி இருந்த அந்தச் சிறிய பாதம் என் சட்டைத் துணியை முள்ளுப் போலப் பற்றிக்கொண்டது. பற்றுவதற்கு மட்டுமே அமைந்த கால் அது. ரீங்காரச்சிட்டின் காலுக்கு மெல்லிய கிளையைப் பிடித்து உட்காரவும் அதிலே சற்றுப் பக்கவாட்டில் நகரவும் முடியும். அதற்கு மேல் நடக்கவோ தத்தவோ முடியாது. ஒரு சாண் தள்ளியிருக்கும் அடுத்த பூவுக்குப் போவதற்கும் அது பறந்தாக வேண்டும்.

ஆகவே பறக்க முடியாத ரீங்காரச்சிட்டைச் சிறகொடிந்த காகத்தோடோ புறாவோடோ ஒப்பிடுவது பிழையாகும். சிறகொடிந்த காகம் குப்பைமேட்டைச் சுற்றி நடந்தே பல நாட்கள் வாழ்ந்துவிடும். சிறகு முறிந்த தேன்சிட்டுக்கூடச் செவ்வரத்தைப் பற்றைக்குள் கிளைக்குக் கிளை தத்தி, பூவின் அடியைத் துளைத்துத் தேன் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது வழக்கமாகவே உட்கார்ந்து உண்ணுகின்ற பறவை, அந்தரத்தில் நின்று உண்ணுவது எப்போதாவதுதான். ரீங்காரச்சிட்டுக்குப் பறத்தல் என்பது பயணம் செய்யும் வழி மட்டுமல்ல. உண்பது, சூடு காப்பது, உடலைத் துப்புரவாக வைத்திருப்பது, எதிரியிடமிருந்து தப்புவது ஆகிய எல்லாம் அந்த ஒரே வேலைக்குள் அடங்கியிருக்கின்றன. சிறகு நின்றால் இவை ஒவ்வொன்றும் தன் முறைக்கு நிற்கத் தொடங்கும், முதலில் நிற்பது உணவு.

செங்கழுத்து ரீங்காரச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். நாங்கள் தேநீருக்குப் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனி அதைவிடக் கனமானது. இந்தச் சிற்றுடலின் கால்பங்குக்கு மேற்பட்ட எடை பறக்கும் தசைகளுக்கே போய்விடுகிறது. மற்றப் பறவைகளில் சிறகைக் கீழே அடிக்கும் தசை பெரிதாகவும், மேலே தூக்கும் தசை மிகச் சிறிதாகவும் இருக்கும். ரீங்காரச்சிட்டிலோ மேலே தூக்கும் தசை கீழே அடிக்கும் தசையின் பாதியளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்தரத்தில் நிற்பதற்கான தூக்குவிசையில் முக்கால் பங்கு கீழ்வீச்சிலிருந்தும் கால் பங்கு மேல்வீச்சிலிருந்தும் கிடைப்பதாக 2005இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. செக்கனுக்கு ஏறத்தாழ 50 முறை சிறகு வீசும் இந்த இயந்திரத்துக்கு எரிபொருள் கொடுக்கவென்றே நிமிடத்துக்கு 1,200 முறை வரை துடிக்கக்கூடிய இதயமும், ஓய்விலிருக்கும்போதே நிமிடத்துக்கு 250 முறை வரை இழுத்து விடும் மூச்சும், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகளால் நிரம்பிய தசை நார்களும் அமைந்திருக்கின்றன.

இத்தனை பெரிய அடுப்புக்கு விறகுக் கொட்டில் இல்லை என்பதுதான் வியப்பு. காலையில் உண்ணத் தொடங்கிய சுமார் 40 நிமிடங்களுக்குள் அதன் தசைகள் எரிக்கும் சக்தி ஏறத்தாழ முழுவதும் சற்று முன் குடித்த தேனின் சீனியிலிருந்தே வருகிறது. மனிதத் தசையால், பூந்தேனிலுள்ள சீனிகளில் ஒன்றான பிரற்றோசை நேரடியாக அந்த அளவுக்குப் பயன்படுத்த முடியாது. ரீங்காரச்சிட்டின் தசையோ குளுக்கோசையும் பிரற்றோசையும் ஏறத்தாழ சமமாகவே எரித்துவிடுகிறது. கையில் வருவது அப்போதே வாய்க்குப் போகும் அன்றாடக் கூலிக்காரரின் நிலை இது. சேமிப்பாக இருப்பது கொஞ்சம் கொழுப்பு. அதையும் இரவைக் கடப்பதற்காகவே மாலையில் சேர்க்கிறது. இப்படிப்பட்ட பறவை பகலில் இரண்டு மணி நேரம் நிலத்தில் விழுந்து கிடந்தால், காயம் ஆறுமா ஆறாதா என்ற கேள்விக்கு முன்பாகவே பட்டினி அதை முடித்துவிடக்கூடும்.

“பறக்கவில்லையென்றால் சக்தியும் செலவாகாதே, கொஞ்சமாகக் குடித்தால் போதாதா?” என்று என் தங்கை கேட்டாள். கேள்வி நியாயமானது. கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதன் ஒட்சிசன் செலவு, அந்தரத்தில் நிற்கும்போது ஆவதன் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் உடல் சிறிதாகச் சிறிதாக, அதன் எடையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு பெரிதாகும். வெப்பம் வெளியேறுவதும் அதற்கேற்ப விரைவாகும். 40 பாகை செல்சியசுக்குக் கிட்டிய உடல் வெப்பத்தை 3 கிராம் உடலில் காப்பது, மாரிகாலக் காற்றில் தேநீர்க் கோப்பையைச் சூடாக வைத்திருப்பதைப் போன்ற வேலை. பறக்கும்போது தசைகள் எரிக்கும் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிவருவதால், குளிரான காலைகளில் அந்த உழைப்பே உடலைச் சூடாக்கிவிடும். பறக்காத பறவை அதே சூட்டை நடுங்கித்தான் பெற வேண்டும். ரொறன்ரோவின் வைகாசிக் காலையும் வன்னியின் காண்டாவன வெயிலும் ஒன்றல்ல என்பதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சூடு காக்க முடியாத நிலையில் அந்தப் பறவை கையாளும் வழி ஒன்று இருக்கிறது. இரவில், அல்லது உணவு போதாதபோது, அது தன் அனுசேபத்தை, அதாவது உடல் சக்தியை எரிக்கும் வேகத்தை, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி, உடலைச் சுற்றுப்புறக் குளிருக்குக் கிட்டியதாக ஆறவிட்டு, ஒரு வகை ஒடுக்கநிலைக்குப் போய்விடுகிறது. பெரு நாட்டின் அந்தீஸ் மலையில் வாழும் ஓர் இனத்தின் உடல் வெப்பம் 3.3 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலைகூட ஒடுக்கநிலையில் நின்றுவிடும். பகலெல்லாம் தன் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ திரவம் குடிக்கும் உடல், குடிக்காத இரவில் நீரை இழக்காதிருக்க இது உதவுகிறது. இந்த நிலையில் உள்ள பறவை கண் மூடி, இறகு உப்பி, சிலவேளை கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி, செத்தது போலவே தோன்றும். பறக்க முடியவில்லை என்று எடுத்து வரப்படும் ரீங்காரச்சிட்டுகளுள் உண்மையில் ஒடுக்கநிலையில் இருந்தவையும் உண்டு. அவற்றுக்குத் தேவை வெதுவெதுப்பும் கொஞ்ச நேரமும் மட்டுமே. கண் மூடிக் கிடக்கும் பறவையின் அலகைப் பிடித்துச் சீனித்தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்க் கொன்றுவிடும்.

ஒடுக்கநிலையிலிருந்து மீள்வதற்கு அந்தப் பறவை பறக்கும் தசைகளையே நடுங்கவைத்து உடலைச் சூடாக்குகிறது. இங்கேதான் பறக்காமை தன் இரண்டாவது அடியை அடிக்கிறது. பயன்படுத்தப்படாத தசை எந்த விலங்கிலும் சிறுக்கும். உடல் எடையின் கால்பங்கைத் தாங்கியிருக்கும் தசை கரையத் தொடங்கினால், பறக்கும் வலுவோடு சூடாக்கும் வலுவும் சேர்ந்து கரைகிறது. மறுபக்கம், ரீங்காரச்சிட்டின் ஈரல் சீனியைக் கொழுப்பாக மாற்றுவதில் அசாதாரண வேகம் கொண்டது. மெக்சிக்கோ வளைகுடாவின் 800 கிலோமீற்றர்க் கடலை ஒரே பறப்பில் கடப்பதற்காக 3 கிராம் பறவை 6 கிராம் வரை கொழுப்பதும் இந்த வேகத்தால்தான். வலசைக்காக ஆன அதே ஈரல், எரிக்க வழியின்றிச் சிறு பெட்டிக்குள் சீனித்தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கும் பறவையில் என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமில்லை: தசை தேய, கொழுப்பு ஏறும்.

சீனித்தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதுடையவர்களின் கை அங்கேதான் தவறுகிறது. ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர் என்பது வழக்கமான அளவு. பழுப்புச் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் இன்னும் சத்து என்று நினைப்பது எங்களுக்கு இயல்புதான். ஆனால் தேன்கரைசலில் மதுவமும் பங்கசும் விரைவாக வளரும் என்பதால் அதைக் கொடுக்கக்கூடாது. இந்தக் கரைசல் சில மணி நேரத்துக்கான எரிபொருள் மட்டுமே, அதை உணவு என்று சொல்ல முடியாது. ரீங்காரச்சிட்டு தன் புரதத்தையும் கொழுப்பையும் உப்புகளையும் கொசு, பழ ஈ, சிலந்தி போன்ற சிற்றுயிர்களிடமிருந்து பெறுகிறது. அவற்றில் பெரும்பகுதியைப் பறந்துகொண்டே காற்றில் பிடிக்கிறது, அல்லது சிலந்தி வலையின் முன்னால் அந்தரத்தில் நின்று பொறுக்குகிறது. பறக்க முடியாத பறவையின் அலகுக்கு நேரே சீனித்தண்ணீர்க் குழாயை வைக்கலாம். பறக்கும் ஈயை வைக்க முடியாது. புரதம் இல்லாமல் சில நாட்கள் போனாலே தசையும் இறகும் நலியத் தொடங்கும், ஆற வேண்டிய எலும்பும் ஆறாது. மீட்பு நிலையங்களில் புரதம் கலந்த சிறப்புக் கரைசலைப் பகல் முழுவதும் குறைந்தது அரை மணிக்கு ஒரு தடவை கொடுப்பது இதனால்தான். அலுவலகம் போய் வரும் ஒருவரால் இதைச் செய்ய இயலாது.

கையால் ஊட்டும்போது நெஞ்சிலும் கழுத்திலும் சிந்தும் பாகு உலர்ந்து இறகுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டிய இறகுகளுக்கிடையே காற்று நிற்காது. காற்று நிற்காத இறகு சூடு காக்காது. காட்டில் உள்ள ரீங்காரச்சிட்டு தூறலுக்குள்ளும் ஈர இலைகளுக்கிடையிலும் பறந்து குளித்து, பிறகு கிளையில் அமர்ந்து அலகாலும் கால் நகத்தாலும் ஒவ்வோர் இறகாகக் கோதி விடும். பெட்டியின் அடியில் கிடக்கும் பறவைக்கு அந்தக் குளிப்பும் இல்லை, கோதுவதற்கு நிமிர்ந்து உட்காரவும் முடிவதில்லை. தன் எச்சத்திலேயே வாலும் வயிறும் நனைய, எழும்ப முயன்று அடிக்கும் சிறகின் நுனி இறகுகள் துணியிலும் கம்பியிலும் பட்டு முறியும். நெஞ்செலும்பின் கூரிய விளிம்பு தரையில் அழுந்திப் புண்ணாகும். எங்கள் ஊரில் என்றால் இதற்குள் முசுறு வந்திருக்கும்; சீனி மணக்கும் உயிருள்ள எதையும் அது விட்டுவைப்பதில்லை.

முறிந்த இறகுக்கும் முறிந்த எலும்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. அடியோடு பிடுங்கப்பட்ட இறகு சில கிழமைகளில் மீண்டும் முளைக்கும். நடுவில் முறிந்த இறகோ, அதன் அடித்தண்டு தோலில் இருக்கும் வரை, அடுத்த இறகுதிர்ப்புக் காலம் வரை அப்படியே நிற்கும். உதிர்க்கும் காலத்தில் சிறகின் பரப்புக் குறையும்போது ரீங்காரச்சிட்டுகள் உடல் எடையையும் குறைத்து ஈடு செய்வதைச் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். அதாவது சிறகில் ஓரளவு குறைபாட்டைச் சமாளிக்க அந்த உடலுக்கு வழி தெரியும். எலும்பில் அந்தச் சலுகை இல்லை. அதன் மேற்கையெலும்பு மிகக் குட்டையானது. சிறகின் பெரும்பகுதி உண்மையில் ‘கை’தான். அந்தக் கை முழுவதும் தோள்மூட்டிலிருந்து சுழன்று, மேல்வீச்சில் தலைகீழாகத் திரும்ப வேண்டும். தோளிலுள்ள எலும்பு சற்றுக் கோணலாகப் பொருந்தினாலும் அந்தச் சுழற்சி கெட்டுவிடும். ஒரு புறா கோணல் தோளோடு கூரை வரை பறந்துவிடலாம். அந்தரத்தில் நிற்க வேண்டிய ரீங்காரச்சிட்டுக்கு ‘ஓரளவு பறக்கும்’ என்ற நிலை பயன்படாது. கண்ணாடியில் மோதும் பறவைகளில் இந்தத் தோள்பகுதி எலும்புகள் முறிவது அடிக்கடி காணப்படும் காயம் என்பதால்தான் என் தங்கையின் பறவையைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை குறைவாக இருந்தது.

மனதைப் பற்றிப் பேசுவது அறிவியலில் வழுக்கும் இடம். ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம்: ரீங்காரச்சிட்டு தன் பூக்களின் இடத்தையும், எந்தப் பூவில் எப்போது தேன் மீண்டும் ஊறும் என்பதையும் நினைவில் வைத்திருந்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பூக்களைச் சுற்றி வரும் பறவை. தன் எல்லைக்குள் வரும் மற்றொன்றை விரட்டாமல் அது ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருப்பது அரிது. அதை நெடுநாள் பெட்டிக்குள் வைத்து ‘வாழ்கிறது’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறகிழந்த ரீங்காரச்சிட்டை வீட்டில் மாதக்கணக்கில் காத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை மதிக்கிறேன், ஆனால் அந்தப் பொறுமை பறவைக்கானதா தமக்கானதா என்று அவர்கள் தம்மையே ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டமும் ஏறத்தாழ இதே பக்கம் நிற்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் கனடாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் வலசைப் பறவைகளை உரிமம் இல்லாதவர் வைத்திருப்பதைத் தடுக்கின்றன. உரிமம் பெற்ற மீட்பாளர்களுக்கும் அமெரிக்க விதிகள் ஒரு கடினமான எல்லையை வகுத்திருக்கின்றன: தானாக உண்ணவோ, நிமிர்ந்து அமரவோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் நகரவோ முடியாத பறவை சிகிச்சையால் தேறாது என்றானால், அதை வலியின்றி இறக்கச் செய்ய வேண்டும். இலங்கையிலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தேன்சிட்டும் உழவாரனும் பாதுகாக்கப்பட்டவைதான். காயம்பட்டதைக் கண்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. வன்னியில் நடைமுறை எப்போதும் அந்த முறைப்படி போவதில்லை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரிந்த கதை.

அன்றிரவு நான் தங்கைக்குச் சொன்னது சுருக்கமானது. காற்றுத் துளை போட்ட சிறு மட்டைப்பெட்டிக்குள் மெல்லிய துணி விரித்து, பறவையை அதில் வைத்து, மூடி, சத்தமில்லாத வெதுவெதுப்பான இடத்தில் விடச் சொன்னேன். மோதலின் மயக்கம் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண் திறந்து தலை நிமிர்ந்திருந்தால் மட்டும், அரை மணிக்கு ஒரு தடவை அலகு நுனியைச் சீனித்தண்ணீரில் தொடவிட வேண்டும், ஊற்றக்கூடாது. நீண்டு பிளந்த அதன் நாக்கு தானாகவே திரவத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு சிறகு மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கினால், அன்றே மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெட்டியைத் திறந்தபோது வலது சிறகு தாழ்ந்தே இருந்தது. பறவை துணியின் மடிப்பைக் காலால் இறுகப் பற்றிக்கொண்டு, இடது சிறகை மட்டும் வீசி, வீசிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அந்தச் சிறகின் ஒலி, கம்பியைத் தட்டியது போல, கைபேசியிலும் கேட்டது. அவள் வேலைக்குப் போகாமல் அதை நிலையத்தில் ஒப்படைத்தாள். இரண்டு நாட்களுக்குப் பிறகு அங்கிருந்து அழைத்து, தோளெலும்பு முறிந்து விலகியிருந்ததாகவும் அது பொருந்த வழியில்லாததால் பறவையைத் தூங்கவைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: தான் முதலில் கொடுத்த சீனித்தண்ணீரால் ஏதும் கெட்டுப்போயிற்றா என்று. இல்லை, கண்ணாடியில் மோதிய கணத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொன்னேன். அதன் பிறகு அவள் பல்கனிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய படம் ஒன்றை அனுப்பியிருந்தாள்.